மெஷின் மேல் போட்ட பழி

என் அக்கா குறட்டை விடுவாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "குறட்டையா? நானா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். அதற்கு மேல் பேச யாருக்கும் வாய் வராது. அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஹாரன் வேலை செய்யாத நாளில்கூடத் தலையை வெளியே நீட்டிக் குரலை வைத்தே வழி வாங்கிவிடுவாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். தம்பி என்றுதான் பேர், தைரியத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பல்லி விழுந்தால் கட்டில் மேல் ஏறி நிற்கிற ரகம். ஒரு கம்பெனியின் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிற வேலை. அக்கா வீட்டில்தான், அவள் படுக்கையறைக்கு அடுத்த அறையில் இருக்கிறேன். யாரோ தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, அவற்றில் லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு உயிர் கொடுப்பது என் பொழுதுபோக்கு. அறை முழுக்கத் தகரமும் வயரும். அதனால் அக்கா எனக்கு வைத்த பேர் டப்பா.

இந்த விவகாரத்தை முதலில் கிளப்பியவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் வேலை. தூறல் போட்டால் வெள்ளம் என்பார், விரலில் கத்தி பட்டால் கையே போச்சு என்பார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நாங்கள் காதில் வாங்குவோம். ஒருநாள் காலையில் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தார்.

"மாப்ள, உங்க அக்கா தூங்கும்போது மூச்சு நின்னு போகுது."

"மாமா, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க."

"சிரிக்காத. குறட்டை ஓடிட்டே இருக்கும். சடார்னு நிக்கும். சுத்தமா நிக்கும். நான் எந்திரிச்சு உக்காந்துடுவேன். எழுப்பலாமான்னு கை போகும். அதுக்குள்ள தண்ணிக்கு அடியில இருந்து தலையத் தூக்கின மாதிரி ஒரு சத்தம் போட்டு இழுப்பா. அப்புறம் பழையபடி குறட்டை."

நான் பாதியைக் கழித்துப் பார்த்தேன். மிச்சமிருந்த பாதியே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே சாப்பிடும்போது அக்கா ஒரு கதை சொன்னாள். அவளுக்கு அது சிரிப்புக் கதை. "நேத்து சாயங்காலம் என்ன ஆச்சு தெரியுமா? மார்க்கெட் ஸ்டாப்ல வண்டி எடுத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் பாத்தா பாலத்து மேல இருக்கேன். நடுவுல அந்த வளைவ எப்பத் தாண்டினேன்னே தெரியல. வண்டி தானாவே போயிருக்குடா, பழகின மாடு மாதிரி!" சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் பழக்கதோஷத்தில் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பகலில் தூக்கம் வழிகிறது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சில கணங்கள் காணாமல் போகின்றன, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது. மூன்றையும் சேர்த்து இணையத்தில் தேடாமல் இருந்திருக்கலாம். தேடினேன். இப்படி ஒரு நோய் இருக்கிறது, அது இருப்பது தெரியாமலே பல பேர் வண்டி ஓட்டுகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

டாக்டரிடம் போகலாம் என்று சொன்னால் அக்கா கேட்கிற ஆளா? அதனால் மாமா குறுக்கு வழியில் போனார். "நீ குறட்டையே விடுறதில்லைன்னா, இவன் ஒருதடவ ரெக்கார்ட் பண்ணட்டும். தெரிஞ்சு போயிடும்ல" என்று உசுப்பிவிட்டார்.

"பண்ணட்டுமே. ஒண்ணும் இல்லைன்னா நீங்க ரெண்டு பேரும் இனிமே என் யூனிஃபார்ம துவைச்சு இஸ்திரி போடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றோம்.

பிறகு நான் மைக் வயரைக் கதவிடுக்கு வழியாக நுழைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜடையை அவிழ்த்தபடி வேறு குரலில் பேசினாள். "டப்பா, விளையாட்டு வேற. நிஜமாவே ஏதாவது இருந்துச்சுன்னா மூடி மறைக்காத. என் பின்னாடி அவ்ளோ பேரு உக்காந்திருக்காங்க. சந்தேகம்னா சொல்லு, நான் இன்னைக்கு வண்டியத் தொட மாட்டேன்."

"சொல்றேன்க்கா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அவளுக்கு விடியற்காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. ராத்திரியில் விட்ட தூக்கத்தை நடுவில் கிடைக்கிற மதியத்தில்தான் அவள் தூங்கித் தீர்ப்பாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டுப் படுத்தாள். மைக் அவள் தலைமாட்டில் இருந்தது. வயரின் மறுமுனை என் அறையில், என் கம்ப்யூட்டரில். பதிவு ஓடத் தொடங்கியதும் நான் என் ஆபீஸ் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு மீட்டிங்கில் பேசினேன், டீ போட்டுக் குடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காது கொடுக்கவில்லை. மெஷின் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்ற நிம்மதி.

அக்கா எழுந்து வந்தபோது கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்திருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. அவ்வளவு தூங்கியும் தூங்காதவள் போல் கொட்டாவி விட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போடு பாப்போம்."

போட்டேன். ஸ்பீக்கரிலிருந்து வந்தது குறட்டையே இல்லை. க்ர், பிறகு ஒன்றுமில்லை, ர்க், மறுபடி ஒன்றுமில்லை, ஒரு சொடுக்கு, ஒரு கரகரப்பு. குறட்டையைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டி, கலைத்துப் போட்டுத் திரும்ப ஒட்டியது போல இருந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "இதுவா நானு? இது உன் டப்பா குறட்டை விடுறதுடா!"

என்னை அவமானம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் என் லினக்ஸ் பெருமையை இந்த வீட்டில் எவ்வளவு அளந்திருப்பேன்! போயும் போயும் ஒரு குறட்டையைக் கோர்வையாகப் பாட வக்கில்லாமல் மானத்தை வாங்குகிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் தள்ளி வைத்துப் போட்டேன். அங்கேயும் அதே வெட்டல். அப்புறம் ஓரிடத்தில் சத்தம் நின்றது. கொஞ்சம் நீளமாகவே நின்றது. அக்காவின் சிரிப்பும் நின்றது.

"இது என்னடா? இங்க ஏன் நிக்குது?"

"சவுண்டு விக்குதுக்கா. மெஷின் கோளாறு."

"நிச்சயமாவா?"

"பாக்குறல்ல, எல்லா இடத்துலயும்தான் அறுந்து அறுந்து வருது. என் செட்டிங்ல ஏதோ தப்பு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நான் வண்டி எடுக்கலாம்?"

"நீ போயிட்டு வாக்கா. நான் இதச் சரி பண்ணி வைக்கிறேன்."

என் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்து போனாள். யூனிஃபார்ம் மாட்டுகிற சத்தமும், பீரோ மூடுகிற சத்தமும், வாசல் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. நான் தலையைத் தூக்கவில்லை. அதற்குள் மெஷினுக்குள் இறங்கிவிட்டேன்.

புத்தியுள்ள எவனும் என்ன செய்திருப்பான்? அந்தப் பதிவைப் போனுக்கு மாற்றி, காதில் வைத்து அங்கேயே அப்போதே கேட்டிருப்பான். அக்கா வாசற்படியில் செருப்பு மாட்டுவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என்னைப் போன்ற மெஷின் பைத்தியங்களுக்கு ஒரு வியாதி உண்டு. மெஷின் தகராறு செய்தால், எதற்காக அதன் முன் உட்கார்ந்தோம் என்பதே மறந்துவிடும். அதைச் சரிசெய்கிறவரை வேறு எதுவும் கண்ணில் படாது. அக்காவின் மூச்சைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், என் ஸ்பீக்கரின் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டேன்.

சத்தம் இப்படி விக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானதுதான். ஸ்பீக்கருக்குப் போகிற சத்தம் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் நிரம்பும். அதற்குப் பஃபர் என்று பேர். மேலேயிருந்து கம்ப்யூட்டர் ஊற்ற வேண்டும், கீழேயிருந்து ஸ்பீக்கர் குடிக்கும். ஊற்றுகிறவனுக்குக் கவனம் வேறு பக்கம் போனால் தொட்டி வறண்டுவிடும், சத்தம் அறுந்துவிடும். எங்கே கவனம் போகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பின்னணியில் ஒரு பேக்கப் ஓடி டிஸ்க்கைப் பிராண்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். விக்கல் கொஞ்சம் குறைந்தது. கரண்டை மிச்சம் பிடிப்பதற்காகக் கம்ப்யூட்டரை மெதுவாக ஓடும்படி வைத்திருந்தேன், அதை முழு வேகத்துக்கு மாற்றினேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. அப்புறம்தான் பஃபரின் அளவைப் பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். மியூசிக் கீபோர்டு கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று கொஞ்ச நாள் முன்னால் ஒரு கூத்து அடித்தேன். கட்டையை அழுத்தினால் அடுத்த நொடியே சத்தம் வரவேண்டும் என்று தொட்டியை உழக்கு அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தேன். கீபோர்டு இரண்டு வாரத்தில் பரண் ஏறிவிட்டது. உழக்கு அப்படியே இருந்தது. அதை அண்டாவாக்கினேன்.

தொட்டி ஒவ்வொரு தடவை வறண்டு போகும்போதும் ஏறுகிற எண் ஒன்று திரையின் ஓரத்தில் உண்டு. அதுவரை அது ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கி, பதிவை ஆரம்பத்திலிருந்து போட்டேன். எண் பூஜ்யத்திலேயே நின்றது, நகரவில்லை. குறட்டை ஆற்று வெள்ளமாக வந்தது. ஒரு வெட்டு இல்லை, ஒரு சொடுக்கு இல்லை. என்ன ஒரு கம்பீரம்! நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரசித்தேன். யூனிஃபார்ம் துவைக்கிற வேலையிலிருந்து தப்பித்தோம் என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பப் போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

குறட்டை நின்றது.

நான் திரையைப் பார்த்தேன். பூஜ்யம். தொட்டி நிரம்பித்தான் இருந்தது. ஸ்பீக்கர் வயரை அசைத்துப் பார்த்தேன், அது கெட்டியாகத்தான் இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். என்னை அறியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, எனக்கு மார்பு அடைத்தது, நான் மூச்சு விட்டேன், அப்போதும் அவள் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. எண்ணுவதற்குத் துணிச்சல் இல்லை. அப்புறம் மாமா சொன்னாரே, அதேதான். தண்ணிக்கு அடியிலிருந்து ஒருத்தி தலையைத் தூக்கி, கிடைத்த காற்றையெல்லாம் ஒரே இழுப்பில் இழுக்கிற சத்தம். ஒரு முனகல். மறுபடி குறட்டை.

மாமா இந்தத் தடவை ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

ஆனாலும் மனசு விடவில்லை. மெஷினைக் குற்றவாளியாக்க இன்னொரு வழி பாக்கி இருந்தது. போடும்போது விக்காவிட்டால் என்ன, பதிவு செய்யும்போதே விக்கியிருக்கலாமே? மைக்கிலிருந்து வந்த சத்தத்தை அந்த உழக்கால் பிடிக்க முடியாமல் கொட்டியிருக்கலாமே? அப்படியானால் அந்த இடைவெளி பதிவிலேயே விழுந்த ஓட்டை, அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாமி, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் மெஷின் உருப்படாததாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். மெஷின் அறுத்தால் எல்லாவற்றையும் சேர்த்து அறுக்கும், மூச்சை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுக்க அதற்குத் தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, குறட்டை நிற்கிற இடத்துக்குப் போனேன்.

நின்றது. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறை ஃபேனுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு டக். அந்த டக் ஒன்றுகூடத் தவறாமல் கேட்டது. தெருவில் யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். ஜன்னல் பக்கம் ஒரு காக்கா கத்தியது. அப்புறம் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து மங்கலாக ஒரு குரல். என் குரல்தான். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். "ஆமா சார், எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்கு. ஒரு பிரச்சனையும் இல்ல" என்று யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எல்லாச் சத்தமும் இருந்தது, அக்காவின் மூச்சைத் தவிர.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். அவள் செத்துப்போகவில்லை, எழுந்து வந்து என் மண்டையில் தட்டிவிட்டு நடந்துதான் போனாள் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. போன இடம் எது என்று அப்போதுதான் உறைத்தது. நேற்று வளைவைத் தாண்டியது ஞாபகமில்லை என்று சொன்ன அதே பஸ். அதே வழி. வண்டி எடுக்கலாமா என்று என்னைத்தானே கேட்டாள். போயிட்டு வா என்று நான்தானே சொன்னேன்.

அவள் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள். வண்டி ஓட்டும்போது போன் அணைந்திருக்க வேண்டும் என்பது டிப்போ சட்டம், அதில் அவள் ரொம்பக் கறார். டிப்போ கண்ட்ரோல் ரூமுக்கு அடித்தேன், லைன் பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. மாமாவுக்கு அடித்தேன். எடுத்ததும், "மாமா, நீங்க சொன்னது நிஜம். மூச்சு நிக்குது. அக்கா வண்டி எடுத்துட்டா" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் கத்துவார், அழுவார், ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொம்ப மெதுவாகப் பேசினார். "மாப்ள, நீ ஸ்கூட்டர எடுத்துட்டு மார்க்கெட் ஸ்டாப்புக்குப் போ. வண்டி இன்னும் அந்தப் பக்கம் வந்திருக்காது. நான் டிப்போவுக்கு அடிச்சுட்டே இருக்கேன்." அந்த மெதுவான குரலைக் கேட்டதும் ஸ்கூட்டர் சாவியைத் தேடி ஓடினேன்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. ஒரு சந்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் என் குலத்தையே இழுத்துத் திட்டினான். ஆம்புலன்ஸ் எதிர்த் திசையில் போனது. அதில் யாராவது படுத்திருப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை, எதிர்த் திசை என்பது போதுமாக இருந்தது.

மார்க்கெட் ஸ்டாப்பில் கூட்டம் நின்றது. கடை மூட்டைகளோடு பெண்கள், பை மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆபீஸ் விட்டு வந்தவர்கள். எல்லாரும் அக்காவின் பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தார்கள்.

"போயிடுச்சா?" என்று ஒருத்தரைக் கேட்டேன்.

"எங்க போச்சு, இன்னும் வரவே இல்ல. இந்நேரம் வந்திருக்கணும்" என்றார் அவர். "அந்தப் பக்கம் ஏதோ இடிச்சுட்டு நிக்குதாம். டிராஃபிக் ஜாம்."

"எது இடிச்சுது? பஸ்ஸா?"

"யாருக்குத் தெரியும்."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்று கையாட்டினேன். ரோட்டின் கோடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். லாரி வந்தது. வேன் வந்தது. வேறு நம்பர் பஸ் ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் தூரத்தில் அவள் பஸ்ஸாகத் தெரிந்தது, கிட்டத்தில் வேறாகிப் போனது.

கடைசியில் வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் தாண்டிப் போய், திடுக்கிட்டது போல் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்றவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓடினார்கள். அக்கா அப்படி நிறுத்துகிறவள் அல்ல. கோடு போட்டது போல் நிறுத்துவாள், அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்படி வழியாக ஏறினேன். டிரைவர் சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தண்ணீர் வழிந்து யூனிஃபார்ம் காலர் முழுக்க நனைந்திருந்தது. காலி பாட்டில் பக்கத்தில் கிடந்தது. கண்ணை அகல விரித்து வைத்திருந்தாள், யாரோ அதட்டி விழித்திருக்கச் சொன்ன குழந்தை மாதிரி.

"டேய் டப்பா! இங்க என்னடா பண்ற? படில நிக்காத, உள்ள போ."

"அக்கா, வண்டிய எடுக்காத."

"என்னது?"

பின்னால் கண்டக்டர் விசில் கொடுத்தார். ஏறியவர்கள் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உனக்கு மூச்சு நிற்கிறது என்றா சொல்ல முடியும்? குனிந்து அவள் காதருகில் போனேன்.

"மெஷின் சரியாயிடுச்சுக்கா."

"அதச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் ஓடி வந்த, லூசு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, என்னைத் தெரியும். "சரியாயிடுச்சா?"

"சுத்தமாச் சரியாயிடுச்சு."

"அப்புறமும் நிக்குதா?"

நான் தலையாட்டினேன்.

"நிறைய தடவையா?"

"நான் முழுசாக் கேக்கலக்கா. என்னால முடியல."

கண்டக்டர் மறுபடி விசில் அடித்தார். அக்கா தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உட்கார்ந்தவர்கள், தொங்கிக்கொண்டு நின்றவர்கள், அம்மா மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒரு பெண் குழந்தை. அந்தக் கண்ணாடியை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்ப்பாள். இப்போது அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த வேலைக்காக அவள் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றாள் என்று எனக்குத் தெரியும். பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டவர்களையெல்லாம் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள். வருவது வரட்டும் என்று வண்டியை எடுத்துவிடுவாளோ என்று எனக்கு ஒரு கணம் பயம் வந்தது. எடுத்தால் நான் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. சக்கரத்துக்கு முன்னால் போய்ப் படுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியதும் பஸ் முழுக்கப் பேச்சும் அடங்கியது. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"என்னாச்சுக்கா?"

"உங்க போனக் குடுங்க தம்பி. கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டுக் குடுங்க."

இந்தத் தடவை லைன் கிடைத்துவிட்டது. மறுமுனையில் ஒரு ஆண் குரல் சலிப்போடு வண்டி நம்பரைக் கேட்டது. அவள் சொன்னாள். எங்கே நிற்கிறது என்று கேட்டது. அதையும் சொன்னாள். ஒரு கையால் போனைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து நான்தான் அவள் கையைப் பிடிப்பேன். அவள் என் கையைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கை சில்லிட்டுப் போயிருந்தது.

"சரி, வேற வண்டி அனுப்புறோம்" என்றது போன். "வண்டில என்ன கோளாறு?"

அக்கா இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்த்தாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். "கோளாறு எனக்குத்தான்."